தூக்கு நாள் தள்ளிப்போவது எப்படி, யாரால்?

தூக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதை ஆங்கிலத்தில் 'ரிப்ரீவ்' என்கிறார்களே, அதற்குத் தெலுங்கில் என்ன சொல்கிறார்கள், அதுவும் மன்னிப்பும் ஒன்றுதானா, கருணை மனு போட்டுவிட்டால் தூக்கு தானாக நின்றுவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். தெலுங்குச் செய்திகளில் 'உரிசிக்ஷ நிலுபுதல', 'உரிசிக்ஷ வாயிதா', 'உரிசிக்ஷ அமலுபை ஸ்டே' என்றெல்லாம் வரும். உரி என்றால் தூக்கு, சிக்ஷ என்றால் தண்டனை, அமலு என்றால் நிறைவேற்றம். வாயிதா நம் கோர்ட்டு வாய்தாதான். தூக்கு சம்பந்தப்படாமல், ஒருவருக்குக் கோர்ட்டில் தற்காலிகமாகக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது என்ற பொருளில் வந்தால் 'ஊரட' என்று எழுதுவார்கள். 'க்ஷமாபிக்ஷ' வேறு, அது கருணை அல்லது மன்னிப்பு. நிறுத்திவைப்பையும் மன்னிப்பையும் மாற்றிப் போட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். ஏனென்றால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டவர் இன்னும் தண்டனைக்குரியவர்தான். தீர்ப்பு அப்படியே இருக்கிறது, நாள் மட்டும்தான் தள்ளிப்போயிருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் இந்த அதிகாரங்களைத் தருகின்றன. மன்னிப்பு என்றால் குற்றவாளி என்ற முடிவே துடைக்கப்படும். மாற்றம் என்றால் தண்டனையின் வகையே மாறும், தூக்கு ஆயுளாகும். குறைப்பு என்றால் வகை மாறாது, அளவு குறையும், பத்தாண்டு ஏழாண்டாகும். நிறுத்திவைப்பு இவை எதிலும் சேராது. மற்ற முடிவுகளை எடுக்க அவகாசம் வேண்டும் என்பதற்காகக் கையைப் பிடித்து நிறுத்துவது அது. இதே வேலையை நீதிமன்றங்களும் செய்கின்றன. அதைத்தான் நாம் ஸ்டே என்கிறோம். நடைமுறையில் இந்தியாவில் கடைசி நேரத்தில் நின்ற தூக்குகளில் பலவற்றை நிறுத்தியது கோர்ட்டு ஸ்டேதான்.

இந்த அவகாசத்துக்கு எவ்வளவு எடை என்று புரிய ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் படிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் கொன்றதாக வழக்கு. ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் ஒரே தீர்ப்பில் மரண தண்டனை, உயர் நீதிமன்றமும் மூவருக்கும் உறுதி செய்தது. குற்றத்தில் மூவருக்கும் ஒரே பங்குதான். அதன் பிறகு மூவரும் தனித்தனியாக, வெவ்வேறு ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் போனார்கள், வெவ்வேறு அமர்வுகள் விசாரித்தன. ஜீதா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடி ஆனது. கஷ்மீரா சிங்குக்கு 1977இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978இல் தள்ளுபடி, பிறகு மறுசீராய்வும் தள்ளுபடி, கருணை மனுவும் தள்ளுபடி. கூட இருந்தவனுக்கு ஏற்கெனவே தண்டனை குறைந்துவிட்டது என்ற தகவல் அந்தந்தக் கட்டத்தில் முடிவெடுத்தவர்கள் கண்ணில் படவே இல்லை.

ஜீதா சிங்குக்கும் ஹர்பன்ஸ் சிங்குக்கும் 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் ரிட் மனு, அதாவது அடிப்படை உரிமையைக் காக்கக் கோரி நேராக உச்ச நீதிமன்றத்தில் போடும் மனு, போட்டார்; ஸ்டே கிடைத்தது. ஜீதா சிங் போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1982 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஹர்பன்ஸ் சிங் வழக்கைக் கேட்டு, அவருக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை செய்தது. அதுவரை ஸ்டே நீடிக்கும் என்றும் சொன்னது. ஆக, ஒரே குற்றத்தில் ஒரே பங்குள்ள மூவரில் ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு ஸ்டே, ஒருவருக்கு மரணம். ஜீதா சிங்கும் அந்த வாரம் ஒரு மனு போட்டிருந்தால் அவரும் பிழைத்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மரண தண்டனை பற்றிச் சொல்ல ஒரே ஒரு வழக்குதான் அனுமதி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, படிகள். செஷன்ஸ் கோர்ட்டு தூக்கு விதித்தால் அது அன்றே அமலுக்கு வராது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தே ஆக வேண்டும், கைதி அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 366ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407. அடுத்து உச்ச நீதிமன்ற அப்பீல், மறுசீராய்வு மனு, அதுவும் தோற்றால் அதே நீதிமன்றத்தில் கடைசியாகப் போடும் சீரமைப்பு மனு ('க்யூரேட்டிவ்'). இன்னொரு பக்கம் ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு. உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போக உரிமையுள்ள வழக்கில், அதற்கான கெடு முடியும்வரை அல்லது அப்பீல் முடியும்வரை தூக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் கருணை மனு நிலுவையில் இருக்கும்போதும் தூக்கு நிறைவேற்றுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது கருணை மனுக்களுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. அரசோ கோர்ட்டோ தனியாக உத்தரவிட வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில்.

எல்லாப் படியும் முடிந்தபின் செஷன்ஸ் நீதிபதி கையெழுத்திடுவதுதான் மரண வாரண்ட். பேச்சு வழக்கில் கறுப்பு வாரண்ட். சட்டத்தின் அட்டவணையில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, ஒரு பக்கம் கூட நிறையாது. சிறைக் கண்காணிப்பாளருக்கு முகவரியிட்டது. இன்ன வழக்கில் இன்னாருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு உறுதியாகிவிட்டது, ஆகவே இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் அவரை உயிர் பிரியும்வரை கழுத்தில் தூக்கிட்டுத் தண்டனையை நிறைவேற்றவும் என்று இருக்கும். கடைசியில், நிறைவேற்றியதாகச் சான்றெழுதி இந்த வாரண்டைக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பவும் என்று ஒரு வரி. பெயர், நாள், நேரம், இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு உயிர் அந்த வெற்றிடங்களில் எழுதப்படும் எழுத்தில் நிற்கிறது. அதனால்தான் அதை நிரப்புவதில் அவசரமே கூடாது என்று 2015 மே மாதம் ஷப்னம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் அப்பீல் தள்ளுபடியான ஆறே நாளில் வாரண்ட் பிறந்துவிட்டது, மறுசீராய்வுக்கும் கருணை மனுவுக்கும் நேரமே கொடுக்கவில்லை. நீதிமன்றம் அந்த வாரண்டை ரத்து செய்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சவுகான் வழக்கில் இன்னொரு முக்கியமான வரையறை வந்தது. ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு, 15 பேரின் தூக்கை ஒரே நாளில் ஆயுளாக மாற்றியது. கருணை மனு தள்ளுபடியான செய்தியைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த நாளுக்கும் தூக்கு நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இதன் அவசியம் அதற்கு ஓராண்டு முன்பே தெரிந்திருந்தது. 2013 பிப்ரவரி 9 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவைத் திஹார் சிறையில் தூக்கிலிட்டபோது, செய்தி சொல்லி அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் காஷ்மீரில் இருந்த குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது தூக்கு முடிந்த பிறகுதான். ஒருவர் செய்த குற்றம் எதுவானாலும், மனைவியும் மகனும் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் வக்கீல் கடைசியாக ஒருமுறை கோர்ட்டுக்கு ஓடவும் நேரம் வேண்டும். அந்த 14 நாள் அதற்காகத்தான்.

தள்ளிப்போடுவது கைதிக்கு எப்போதும் நல்லதா என்றால், இல்லை. தூக்குக் கொட்டடியில் ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடப்பதே ஒரு தண்டனை. இதை ஓங்கிச் சொன்னவர்களில் ஒருவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. ஆந்திராவிலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர். 1983 பிப்ரவரியில் அவர் தீர்ப்பெழுதிய வைத்தீஸ்வரன் வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு. கைதி ஏறத்தாழ எட்டு ஆண்டு தனிக் கொட்டடியில் கிடந்தவர். தூக்கு விதித்தபின் இரண்டாண்டுக்கு மேல் தாமதமானால் அதைக் காட்டியே ஆயுளாகக் குறைக்கக் கோரலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கில் வேறு அமர்வு இரண்டாண்டுக் கணக்கை ஏற்க முடியாது என்றது. 1989இல் திரிவேணிபென் வழக்கில் ஐவர் அமர்வு, தாமதம் ஒரு காரணம்தான், ஆனால் இத்தனை ஆண்டு என்று கோடு போட முடியாது என்று முடித்தது. வழக்கு நடந்த காலத்தைச் சேர்க்காமல், இறுதித் தீர்ப்புக்குப் பிறகான தாமதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்தத் தாமதக் கணக்குதான் பின்னால் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரையும் காப்பாற்றியது. 2011 செப்டம்பர் 9 என்று வேலூர் சிறையில் நாள் குறித்தாயிற்று. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரம் தூக்கை நிறுத்திவைத்தது. அதே நாளில் சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. கோர்ட்டு கொடுத்தது எட்டே வாரம். அது நீண்டு நீண்டு 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் கருணை மனுத் தாமதத்துக்காகவே ஆயுளாக மாற்றும்வரை வந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். அந்த ஆகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிரம்பி நின்ற கூட்டத்தை நினைவிருப்பவர்களுக்கு, எட்டு வாரம் என்பது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் தெலுங்கு பற்றிக் கேட்டதால் தெலுங்கு மண்ணின் இரண்டு வழக்குகளையும் சொல்ல வேண்டும். பூமய்யா, கிஷ்ட கவுட் என்ற இரண்டு தெலங்கானா விவசாயிகள், நக்சலைட் இயக்க வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர்கள். நாள் குறித்துத் தள்ளிப்போய், கடைசியில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1 அன்று ஹைதராபாத் முஷீராபாத் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கீல்களும் எழுத்தாளர்களும் அவர்களுக்காகப் போராடினார்கள். தள்ளிப்போனது நிலைக்கவில்லை. ஒரு ஸ்டே எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று சிலகலூரிப்பேட்டை பேருந்து எரிப்பு. 1993 மார்ச் 8 அன்று குண்டூர் மாவட்டத்தில், கொள்ளையடிக்க ஏறிய இரண்டு இளைஞர்கள் பெட்ரோல் ஊற்றி மிரட்டியதில் பேருந்து தீப்பற்றி 23 பயணிகள் கருகிச் செத்தார்கள். கொடுமையான குற்றம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இருவருக்கும் தூக்கு, 1996இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. குடியரசுத் தலைவர் முதல் மனுவை நிராகரித்தார். ஆனால் இருவரும் தலித்துகள், பரம ஏழைகள், கொல்லும் நோக்கத்தோடு ஏறியவர்கள் அல்ல என்ற வாதத்தோடு எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி உள்ளிட்டோர் மீண்டும் முறையிட்டார்கள். 1997இல் தூக்கு நாள் நெருங்கிய நேரத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அது ஆயுளாக மாறியது. அந்த 23 குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஸ்டே சரியானது என்பதே என் கருத்து. நோக்கம் பற்றிய கேள்வியை உயிரோடு இருப்பவர்களை வைத்துத்தான் மறுபடி எடைபோட முடியும்.

இதைவிடப் பெரிய சாட்சி, டெல்லி அருகே நொய்டாவில் குழந்தைகள் கொல்லப்பட்ட நிதாரி வழக்கு. சுரிந்தர் கோலிக்கு 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் தூக்கு என்று ஏற்பாடாகிவிட்டது. செப்டம்பர் 8 அதிகாலை ஒரு மணிவாக்கில், நீதிபதி வீட்டில் வைத்து வக்கீல்கள் ஸ்டே வாங்கினார்கள். அதற்குச் சரியாக ஆறு நாள் முன்புதான், தூக்கு வழக்குகளில் மறுசீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று முகமது ஆரிப் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. அந்தத் தீர்ப்பு ஒரு வாரம் பிந்தியிருந்தால் வக்கீல்கள் கையில் அந்தக் காரணமே இருந்திருக்காது. 2015 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தாமதத்துக்காகத் தண்டனையை ஆயுளாக்கியது. 2023 அக்டோபரில் மற்ற 12 வழக்குகளில் ஆதாரம் நிற்கவில்லை என்று அதே நீதிமன்றம் விடுவித்தது. 2025 நவம்பரில், எந்த வழக்கில் தூக்கில் போடவிருந்தார்களோ அதே வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சீரமைப்பு மனுவை ஏற்று விடுவித்துவிட்டது. நாடே அரக்கன் என்று பேசிய மனிதர். அன்று அந்த நள்ளிரவில் கதவு திறக்காமல் போயிருந்தால், 2025இன் தீர்ப்பை வாங்கிக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2012 டெல்லி பேருந்துக் கொடுமை வழக்கில் 2020 ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று நாள் குறித்து மூன்றும் தள்ளிப்போயின. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக மனு போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மனு நிலுவையில் இருந்தால் மற்றவர்களையும் தூக்கிலிட முடியாது. கடைசியில் மார்ச் 20 விடியலுக்கு முன் உச்ச நீதிமன்றம் கடைசி மனுவையும் தள்ளுபடி செய்து, 5.30க்கு திஹாரில் நிறைவேறியது. ஒவ்வொரு முறை நாள் தள்ளும்போதும் அந்தப் பெண்ணின் தாய் கோர்ட்டு வாசலில் நின்றதை நாடே பார்த்தது. அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உரிமை என்று கொடுத்ததை வரிசை போட்டு இழுத்தடித்தால் அடுத்து வருகிறவருக்கான கதவும் இறுகும். அப்படித்தான் நடந்தது, கீழே சொல்கிறேன்.

தூக்கு அல்லாத தண்டனைகளிலும் நிறுத்திவைப்பு தினம் நடக்கிறது, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி பெயிலில் விடும் அதிகாரம் மேல் கோர்ட்டுக்கு உண்டு; பழைய 389, புதிய 430ஆவது பிரிவு. 2014 அக்டோபரில் ஜெயலலிதா வெளியே வந்தது இப்படித்தான். தண்டனை நின்றது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கவில்லை, அதனால் எம்.எல்.ஏ. பதவி திரும்பவில்லை. பொன்முடி வழக்கில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றமே அப்பீல் போக 30 நாள் தண்டனையை நிறுத்திவைத்தது; 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைத்த பிறகுதான் மீண்டும் அமைச்சரானார். செய்தி எழுதுகிறவர்கள் 'தண்டனைக்குத் தடை', 'தீர்ப்புக்குத் தடை' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பதவி போவதும் இருப்பதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஆளுநர் நிறுத்திவைத்தாலும் கோர்ட்டு கேள்வி கேட்கும். கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் 1960 மார்ச் 11 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் விதித்த அன்றே ஆளுநர் அதை நிறுத்திவைத்து, அவரைக் கடற்படைக் காவலிலேயே இருக்கச் செய்தார். அப்பீல் உச்ச நீதிமன்றத்தின் கையில் இருக்கும் காலத்துக்கு ஆளுநரின் அந்த உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பிணிக்கு தூக்கு விஷயத்தில் சட்டமே மாறியிருக்கிறது: முன்பு பிரசவம்வரை தள்ளிவைப்பது கட்டாயம், குறைப்பது கோர்ட்டின் விருப்பம், 2009 இறுதியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பின் ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, இப்போதைய நிலைமை. புதிய சட்டத்தின் 472ஆவது பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே முதன்முறையாகக் கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அப்பீலோ மறுசீராய்வோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதியிடம் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும். முதலில் ஆளுநரிடம் போகலாம். அங்கே நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம். ஒரே வழக்கில் பலர் இருந்தால் எல்லோர் மனுவும் சேர்த்தே முடிவாகும். டெல்லி வழக்கில் பார்த்த வரிசை இழுத்தடிப்பு, கருணை மனுக்களை வைத்து இனி நடப்பது கடினம். குடியரசுத் தலைவர் முடிவு 48 மணி நேரத்துக்குள் சிறைக்குப் போக வேண்டும். அந்த முடிவை எதிர்த்து எந்தக் கோர்ட்டிலும் அப்பீல் கிடையாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கருணை முடிவை நீதிமன்றம் குறுகிய காரணங்களுக்காகப் பரிசீலிக்கலாம் என்பது கேஹர் சிங் வழக்கிலிருந்து வந்த அரசியல் சட்ட நிலை. 2006இல் எபூரு சுதாகர் வழக்கில், ஆந்திர ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அந்த அடிப்படையில்தான். அப்பீல் இல்லை என்று ஒரு சாதாரணச் சட்டம் சொல்வதால் அரசியல் சட்டத்தின் 32ஆவது, 226ஆவது பிரிவுகள் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் தரும் ரிட் அதிகாரம் போய்விடாது.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த யாருடைய குடும்பமாவது இந்த நிலையில் இருந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 30 நாள் எண்ணிக்கை தொடங்குவது தீர்ப்பு நாளில் அல்ல, சிறை அதிகாரி தெரிவித்த நாளில். அந்தத் தேதி குறிப்பிட்ட கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சிறையிலேயே இருக்கும் இலவசச் சட்ட உதவி மையம் வழியாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கருணை மனுவைக் கைதியே எழுதலாம், சட்டப்படி வாரிசோ உறவினரோ கூட எழுதலாம். கூட்டாளிக்குத் தண்டனை குறைந்திருக்கிறதா என்பதை அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.